நிறுத்தி வைப்பதா, ஓட்டுவதா? வேவர்லி துடுப்புச் சக்கரக் கப்பலைப் பற்றி

வாசகர் கேள்வி, 11 பிப்ரவரி 2023

ஸ்காட்லாந்தின் வேவர்லி கப்பலுக்குப் புதிய கொதிகலன்கள் பொருத்துவதற்காக 2019-இல் 23 லட்சம் பவுண்டு வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள் எனப் படித்தேன். 1947-இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலின் கொதிகலன் அதற்கு முன்பும் மாற்றப்பட்டிருக்கிறது. இத்தனை பழைய பொருளை ஓட்டி ஓட்டித் தேய்ப்பதைவிட, ஒரு துறையில் கட்டி வைத்து மக்களைப் பார்க்கச் செய்வதுதானே உண்மையான பாதுகாப்பு? ஓட்ட வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டு போனால், கடைசியில் மிஞ்சுவது எது?

12 பிப்ரவரி 2023

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு சர்க்கரை ஆலையின் கொதிகலன் கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் கிளாஸ்கோவில் குடியேறிய பிறகு அவள் வீட்டுக்குப் போன இரண்டு முறை, 2014-லும் 2022-லும், வேவர்லியில் பயணம் செய்திருக்கிறேன். இரண்டு முறையும் பயண நேரத்தில் பெரும்பகுதியை மேல்தளத்தில் கழிக்காமல் என்ஜின் அருகிலேயே நின்று கழித்தேன்.

உலகில் இன்றும் ஓடுகிற ஒரே துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் அது. அதைக் கட்டி வைக்கக் கூடாது என்பதே என் கருத்து. காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.

12 பிப்ரவரி 2023, இரவு

மேலே எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. "ஒரே துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்" என்று எழுதியது தவறு. பயணிகளை ஏற்றிக்கொண்டு கடலில் செல்லும் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களில் கடைசியாக மிஞ்சியிருப்பது அது என்று எழுதியிருக்க வேண்டும். ஏரிகளிலும் ஆறுகளிலும் இன்னும் பல ஓடுகின்றன. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் ஏரியில் 1901-இல் கட்டப்பட்ட ஊரியும் 1928-இல் கட்டப்பட்ட ஸ்டாட் லூசர்னும் இருக்கின்றன. நார்வேயின் மியோசா ஏரியில் ஓடும் ஸ்கிப்லாட்னர் 1856-ஆம் ஆண்டுக் கப்பல். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எல்ப ஆற்றில் ஒரு தொகுதியே இருக்கிறது. அவற்றுள் டீஸ்பார் என்னும் கப்பலின் என்ஜின் 1841-இல் செய்யப்பட்டது, கப்பலின் உடல் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இளையது. இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் நிலக்கரி எரித்து ஓடும் கிங்ஸ்வேர் காசிலும் அப்படித்தான்: உடல் 1924, என்ஜின் 1904.

இந்தத் திருத்தம் கேள்விக்கும் பொருந்துகிறது. பழைய கப்பலிலிருந்து என்ஜினைக் கழற்றிப் புதிய உடலில் வைத்தவர்கள் பாதுகாப்பாளர்கள் அல்லர். அன்றைய கப்பல் முதலாளிகள். தேய்ந்ததை மாற்றி, தேயாததை வைத்துக்கொண்டு ஓட்டுவது இந்தக் கப்பல்களின் பிறவி வழக்கம்.

14 பிப்ரவரி 2023

வேவர்லியின் பிறப்பைச் சொல்லாமல் அதன் உழைப்பைச் சொல்ல முடியாது.

கிளைடு ஆறு கிளாஸ்கோ நகரைத் தாண்டி மேற்கே அகன்று கடலாகும் இடத்தில், கரைக்குக் கரை ஊர்களும், மலைகளுக்கு நடுவே நீண்டு உள்ளே நுழையும் கடற்கழிகளும், தீவுகளும் நெருங்கிக் கிடக்கின்றன. 1812-இல் ஹென்றி பெல் தன் காமெட் கப்பலைக் கிளாஸ்கோவுக்கும் கிரீனாக்குக்கும் ஹெலன்ஸ்பரோவுக்கும் இடையே விட்டதிலிருந்து, அந்த ஊர்களுக்குச் சாலையைவிட நீராவிக் கப்பல்தான் முதன்மையான வழியாக இருந்தது. பின்னர் ரயில் வந்தது. ரயில் கம்பெனிகள் கடற்கரை வரை தண்டவாளம் போட்டு, அங்கிருந்து தம் கப்பல்களையே விட்டன. ஒரு கம்பெனி கிரெய்கெண்டோரனிலிருந்தும், இன்னொன்று கூராக்கிலிருந்தும், மற்றொன்று கிரீனாக்கின் பிரின்சஸ் துறையிலிருந்தும் போட்டி போட்டு ஓட்டின. கிளாஸ்கோ தொழிற்சாலைகளின் தொழிலாளர் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு இந்தக் கப்பல்களில்தான் ரோத்சே, டனூன் போன்ற ஊர்களுக்குப் போயின.

1899-இல் கட்டப்பட்ட பழைய வேவர்லி, கிரெய்கெண்டோரன் கப்பல்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில், 1940 மே 29 அன்று, பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து படைவீரர்களை மீட்டு வரும்போது குண்டு வீச்சில் மூழ்கியது. அதற்கு ஈடாகப் போர் முடிந்ததும் லண்டன் அண்டு நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே கட்டச் சொன்னதுதான் இன்றைய வேவர்லி. கிளாஸ்கோவில் கெல்வின் ஆறு கிளைடில் கலக்கும் பாயின்ட்ஹவுஸ் என்ற இடத்திலிருந்த ஏ. அண்டு ஜே. இங்லிஸ் கட்டுதளத்தில், 1946 அக்டோபர் 2 அன்று நீரில் இறக்கப்பட்டு, 1947 ஜூன் 16 அன்று பணியில் சேர்ந்தது. லாக் லாங் என்னும் கடற்கழியின் தலையிலுள்ள அரோச்சர் வரை செல்வது அதன் முதல் வேலை. என்ஜினைச் செய்தவர்கள் கிரீனாக்கின் ராங்கின் அண்டு பிளாக்மோர் பட்டறைக்காரர்கள்.

இன்று கிளாஸ்கோவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு முறையும் அந்தக் கப்பல் தான் பிறந்த கட்டுதளம் இருந்த இடத்தையும், சில மணி நேரம் கழித்துத் தன் என்ஜின் பிறந்த ஊரையும் கடந்து போகிறது. கட்டுதளம் இருந்த இடத்தில் இப்போது ரிவர்சைடு அருங்காட்சியகம் நிற்கிறது. அதன் வாசலில் 1896-ஆம் ஆண்டின் கிளென்லீ என்ற பாய்மரக் கப்பல் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பாய்மரமும் கயிறுகளும் ஒழுங்காகப் பேணப்பட்டிருக்கின்றன. நானும் ஏறிப் பார்த்தேன். ஆனால் அதன் மேல்தளத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது வேவர்லி ஆற்றில் கடந்து போயிற்று, ஏறியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் ஓடிப்போய் அதைப் பார்த்தார்கள்.

15 பிப்ரவரி 2023

நேற்று எழுதியது ஒரு காட்சி மட்டுமே, அது வாதமாகாது. வாதத்துக்கு இனி வருகிறேன்.

கட்டி வைத்தால் பாதுகாப்பு என்பது, கட்டி வைக்கப்பட்ட கப்பல்களின் கதை தெரியாதபோது எழும் எண்ணம். அந்தக் கதைகளைப் பார்ப்போம். கிளைடில் வேவர்லியோடு ஓடிய காலிடோனியா 1934-இல் கட்டப்பட்டது. ஓய்வு பெற்றபின் லண்டனில் தேம்சு ஆற்றில் மதுக்கடையாகக் கட்டி வைத்தார்கள். 1980-இல் தீப்பற்றி எரிந்து போயிற்று. என்ஜினை மட்டும் காப்பாற்ற முடிந்தது. இங்கிலாந்தின் தென்கரையில் வைட் தீவுக்கு ஓடிய 1937-ஆம் ஆண்டு ரைடு கப்பலை ஒரு படகுத்துறையில் நிறுத்தி இரவு விடுதியாக்கினார்கள். கவனிப்பார் இல்லாமல் சேற்றிலேயே துருப்பிடித்துக் கிடந்து, 2006-இல் அதன் புகைபோக்கி சரிந்து விழுந்தது. ஹம்பர் ஆற்றில் ஓடிய லிங்கன் காசில் உணவகமாக நின்று, 2010-இல் உடைக்கப்பட்டது. மூன்றையும் விரும்பி வாங்கியவர்கள் இருந்தார்கள், மூன்றையும் பாதுகாக்க வேண்டும் என்று பேசியவர்களும் இருந்தார்கள்.

லாக் லோமண்டு ஏரியில் மெய்டு ஆஃப் தி லாக் இருக்கிறது. 1953-இல் இதே இங்லிஸ் கட்டிய கப்பல். 1981-இல் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தியது. நல்ல மனிதர்கள் பல்லாண்டாக அதை மீட்க உழைக்கிறார்கள். இன்னும் பயணிகளோடு ஏரியில் இறங்கவில்லை. நிறுத்துவதற்கு ஒரு நாள் போதும். மறுபடி ஓட்டுவதற்கு நாற்பது ஆண்டுகளும் போதவில்லை.

15 பிப்ரவரி 2023, மாலை

இதையே என் தொழிலிலிருந்து சொல்கிறேன். அரவைப் பருவம் முடிந்ததும் ஆலையில் கொதிகலனை அணைத்து, குளிர வைத்து, தண்ணீரை வடித்து, உள்ளே ஈரம் தங்காமல் காயவைத்து, ஈரத்தை உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்புத் தட்டுகள் வைத்து மூடுவோம். அல்லது முழுக்கத் தண்ணீர் நிரப்பி, உயிர்வளியை அகற்றும் மருந்து சேர்த்து அடைத்து வைப்போம். இரண்டில் ஒன்றைச் சரியாகச் செய்யாவிட்டால் ஆறு மாத ஓய்வு, ஆறு ஆண்டு உழைப்பைவிட அதிகமாகக் குழாய்களை அரித்துவிடும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பருவத்தில் இந்த வேலை அரைகுறையாக விடப்பட்டது. அடுத்த பருவத் தொடக்கத்தில் நீர் அழுத்தச் சோதனை வைத்தபோது வரிசையாகப் பதினேழு குழாய்கள் கசிந்தன. அந்தக் குழாய்களின் உட்புறத்தை அறுத்துப் பார்த்தபோது அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருந்தன. கொதிகலனை நெருப்பு கெடுத்ததைவிட, நெருப்பில்லாத ஈரம் கெடுத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஓடும் கப்பலை யாராவது தினமும் பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் பயணிகளை ஏற்றும் சான்றிதழுக்காக அதை உலர்துறையில் ஏற்றி, அடித்தட்டுகளின் தடிப்பை அளந்து, கொதிகலனைச் சோதித்து, குறை கண்டால் அனுமதி மறுக்கிற ஒருவர் இருக்கிறார். மதுக்கடையாக நிற்கும் கப்பலை அவ்வளவு கடுமையாக யாரும் கேள்வி கேட்பதில்லை.

18 பிப்ரவரி 2023

"துடுப்புச் சக்கரம் எப்படி வேலை செய்கிறது, அதை ஏன் அந்தக் காலத்தில் அவ்வளவு விரும்பினார்கள்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இதை எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கப்பலின் நடுவில் இரு பக்கமும் ஒவ்வொரு பெரிய சக்கரம். ஒவ்வொன்றிலும் எட்டு மரப்பலகைகள். மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரைக்கால்போலப் பலகைகளை அசையாமல் பொருத்தினால், தண்ணீருக்குள் நுழையும்போது பலகை நீரைத் தட்டையாக அறையும், வெளியேறும்போது நீரைத் தூக்கிக்கொண்டு வரும். இரண்டிலும் ஆற்றல் வீண். ஆகவே ஒவ்வொரு பலகையையும் ஒரு கீல்மேல் ஏற்றி, சக்கரத்தின் மையத்திலிருந்து சற்று விலகிய இன்னொரு மையத்தோடு தண்டுகளால் இணைத்திருக்கிறார்கள். சக்கரம் சுழலும்போது அந்தத் தண்டுகள் பலகைகளை இழுத்துத் திருப்பிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு பலகையும் ஏறக்குறையச் செங்குத்தாக நுழைந்து, செங்குத்தாகவே வெளியேறுகிறது. நல்ல படகோட்டி துடுப்பைக் கையாளும் முறை இதுதான்.

என்ஜின் சாய்வாகக் கிடக்கிறது. மூன்று உருளைகள்: 24 அங்குலம், 39 அங்குலம், 62 அங்குலம் குறுக்களவு. பிஸ்டன் போய் வரும் தூரம் 66 அங்குலம், அதாவது என் உயரத்துக்குச் சமம். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய உருளையில் பிஸ்டனைத் தள்ளிவிட்டு, அழுத்தம் குறைந்து பருமன் பெருகிய நிலையில் அடுத்த உருளைக்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் செல்கிறது. நீராவி தளர்ந்துகொண்டே போவதால், அதே அளவு வேலை வாங்க ஒவ்வொரு உருளையும் முந்தியதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே தண்டைச் சுழற்றுகின்றன, அந்தத் தண்டின் இரு முனைகளிலும் சக்கரங்கள். மொத்த ஆற்றல் 2,100 குதிரைத்திறன். வேலை முடித்த நீராவி கடல்நீரால் குளிரூட்டப்பட்டுத் தண்ணீராகி மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. நன்னீரைச் சிக்கனமாக வைத்திருப்பது நிலத்திலிருக்கும் ஆலையைவிடக் கப்பலுக்கு எத்தனை முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விருப்பத்துக்குக் காரணம் துறைகள். கிளைடில் பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு துறை வரும். துடுப்புச் சக்கரக் கப்பல் ஆழமில்லாத நீரிலும் போகும், சட்டென்று வேகமெடுக்கும், பின்னோக்கிச் சுழற்றினால் சட்டென்று நிற்கும். சக்கரங்களை மூடும் பெட்டிகளையொட்டித் தளம் அகன்றிருப்பதால் பயணிகளுக்கு இடமும் கிடைத்தது.

18 பிப்ரவரி 2023, சற்று நேரம் கழித்து

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வேவர்லியின் இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இருப்பதால், ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் சுற்றித் திரும்ப முடியாது. கடற்படை இழுவைக் கப்பல்கள் சிலவற்றில் அந்த வசதி இருந்தது, இதில் இல்லை. பின்புறம் சுழலும் விசிறி உள்ள கப்பலில் அதன் நீரோட்டம் நேராகச் சுக்கானின்மேல் பாய்வதால், மெதுவாகப் போகும்போதும் சுக்கான் கேட்கும். இதில் சுக்கான் கேட்க வேண்டுமானால் கப்பல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே கேப்டன் துறையை நெருங்கும்போது வேகத்தை விடாமல் வந்து, கடைசி நேரத்தில் பின்னோக்கிச் சுழற்றச் சொல்கிறார். காற்றும் ஓதமும் பக்கவாட்டில் தள்ளுகிற நாளில் இது எத்தனை கடினம் என்பதை முதன்முறை பார்த்தபோது என் கைகள் தாமாகவே கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டன.

இன்னொரு குறை, பயணிகள் எல்லோரும் ஒரே பக்கம் ஓடிப்போய் வேடிக்கை பார்த்தால் கப்பல் சாய்ந்து, அந்தப் பக்கச் சக்கரம் ஆழத்தில் மூழ்க, மறுபக்கச் சக்கரம் மேலெழுந்து நீரை மேலோட்டமாகவே தொடும். பழைய நாளில் கப்பல்களில் சங்கிலி நிரப்பிய கனமான வண்டிகளைத் தளத்தில் தள்ளிக்கொண்டு போய்ச் சமன் செய்தார்கள்.

19 பிப்ரவரி 2023

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். "நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் 1947-இல் இருந்த கொதிகலன் இன்று இல்லை. 1981, 2000, 2020 என மூன்று முறை மாற்றிவிட்டார்கள். நிலக்கரியும் போய்விட்டது. பிறகு எதை நாம் வரலாறு என்கிறோம்?" என்கிறார்.

எண்ணிக்கை சரிதான். நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியது 1950-களின் நடுவில், அதாவது கப்பல் வணிகத்துக்காக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, பாதுகாப்பாளர்கள் மாற்றியதன்று. கொதிகலன்களைப் பற்றிய பதிலைக் கொஞ்சம் யோசித்து எழுத விரும்புகிறேன்.

23 பிப்ரவரி 2023

நான்கு நாள் யோசித்தேன். ஆலையில் கொதிகலன் என்பது எங்களுக்கு அடுப்பு. அடுப்பு மாறும். நெருப்புச் செங்கல்லும் குழாயும் தட்டும் மாறும். அடுப்பை மாற்றுவதைக் குடும்பம் மாறியதாக யாரும் சொல்வதில்லை. என்ஜினோ வேறு. வேவர்லியின் என்ஜின் 1947-இல் பொருத்தப்பட்டதே. அதன் தாங்கிகளில் வெள்ளை உலோகம் பலமுறை ஊற்றப்பட்டிருக்கும், பிஸ்டன் வளையங்கள் மாறியிருக்கும், மரப்பலகைகள் உடைந்து மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் அந்த உருளைகளும் தண்டும் அவற்றை ஓட்டும் முறையும் அதேதான்.

முறை என்று சொன்னதில்தான் என் முழுக் கருத்தும் இருக்கிறது. கப்பலில் மேல்தளத்திலிருக்கும் கேப்டனுக்கு என்ஜின் தெரியாது, கீழே இருக்கும் எஞ்சினீயருக்குக் கடல் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு பித்தளைத் தந்திக் கருவி. மேலே நெம்புகோலைத் திருப்பினால் கீழே முள் "மெதுவாகப் பின்னால்" என்ற இடத்துக்கு மாறி மணி அடிக்கிறது. கீழே அதே இடத்துக்குத் தன் நெம்புகோலைத் திருப்பிப் பதில் மணி கொடுத்துவிட்டு, எஞ்சினீயர் நீராவியை மூடி, வால்வுகளின் போக்கை மாற்றி, மீண்டும் திறக்கிறார். சிறிய உருளையின் பிஸ்டன் தள்ள முடியாத முனையில் நின்றுவிட்டிருந்தால், துணை வால்வின் வழியே மற்ற உருளைகளுக்கு நேராக நீராவி கொடுத்துத் தண்டை அசைக்கிறார். இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் நடக்கிறது. 2014-இல் ரோத்சே துறையில் நான் இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துறையை ஒட்டுவதற்குள் ஒன்பது மணிகள் அடித்தன. அந்த எஞ்சினீயர் ஒரு முறைகூட அளவுமானிகளைப் பார்க்கவில்லை. காதால் கேட்டுக்கொண்டும், காலடித் தகட்டின் அதிர்வை உணர்ந்துகொண்டும் வேலை செய்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர் நின்று அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டி வைத்த கப்பலில் இந்த இளைஞருக்கு இடமில்லை. என்ஜினைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றலாம். அதை ஓட்டத் தெரிந்த கையை, ஓட்ட விடாமல் காப்பாற்ற வழியில்லை. எங்கள் ஆலையில் பழைய நீராவி என்ஜின்கள் அரவை உருளைகளைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றின் இரைச்சலிலிருந்தே கரும்புக் கட்டு தடிமனாக நுழைந்துவிட்டதைச் சொல்லும் பெரியவர் ஒருவர் இருந்தார். என்ஜின்களை எடுத்துவிட்டு டர்பைன் வைத்தார்கள். நல்ல மாற்றம்தான். ஒரு என்ஜினைச் சாயம் பூசி வாசலில் நிறுத்தினார்கள். அது இன்னும் அங்கே இருக்கிறது. அந்தப் பெரியவர் கேட்ட ஒலி என்னவென்று இன்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும்.

24 பிப்ரவரி 2023

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஜெனீவா ஏரியின் மோந்த்ரோ கப்பல் 1904-இல் கட்டப்பட்டது. நீராவி என்ஜினை எடுத்துவிட்டு டீசலுக்கு மாற்றினார்கள். 2001-இல் அதற்குப் புதிதாகவே ஒரு நீராவி என்ஜின் செய்து பொருத்தி ஓட்டுகிறார்கள். வங்கதேசத்தில் டாக்காவிலிருந்து தெற்கே ஆறுகளில் ஓடிய ராக்கெட் கப்பல்களில், 1920-களில் கட்டப்பட்ட மாசுத், ஆஸ்ட்ரிச் போன்றவற்றில், சக்கரங்கள் மிஞ்சின, நீராவி போய் டீசல் வந்தது. கேள்வி கேட்டவர் கேட்ட "எது மிஞ்சுகிறது" என்பதற்கு இந்த இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். மோந்த்ரோவின் என்ஜின் புதியது, ஆனால் அதில் நீராவி ஓட்டும் வேலை மிஞ்சியது. ராக்கெட் கப்பல்களில் மக்களை ஊருக்குக் கொண்டு சேர்க்கும் வேலை மிஞ்சியது. இரண்டையும் நான் மதிக்கிறேன். எது பெரிது என்று முடிவு செய்ய என்னால் ஆகவில்லை.

2 மார்ச் 2023

கப்பலை வாங்கிய கதையை இதுவரை எழுதாமலே விட்டுவிட்டேன். கேள்வியின் சரியான பதில் அதில்தான் இருக்கிறது.

1973 பருவத்தின் முடிவில் அன்றைய உரிமையாளரான காலிடோனியன் மக்பிரைன் கப்பல் கம்பெனி வேவர்லியை ஓய்வு பெறச் செய்தது. கார்களை ஏற்றும் படகுகள் வந்தபின், கோடைக்கு மட்டும் ஓடும் நீராவிக் கப்பலைச் செலவு செய்து பழுது பார்ப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1974-இல் துடுப்புக் கப்பல் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஒரு பவுண்டுக்கு விற்றார்கள். இது மறுபடி நீராவியில் ஓடும் என்று விற்றவர்களும் நம்பவில்லை, வாங்கியவர்களில் பலரும் நம்பவில்லை. கேள்வி கேட்டவர் இன்று சொல்வதையே அன்றும் எல்லோரும் நினைத்தார்கள்: எங்காவது கட்டி வைப்பார்கள். ஆனால் சங்கத்துக்காரர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டி, தொண்டர்களாகவே துருவைச் சுரண்டி, வண்ணம் அடித்து, 1975 மே 22 அன்று பயணிகளோடு கிளைடில் இறக்கிவிட்டார்கள்.

அதற்குப் பின் சுகமான வாழ்க்கை ஒன்றும் அமையவில்லை. 1977 ஜூலையில் டனூனுக்கு அருகே கேன்டாக்ஸ் பாறைகளில் ஏறிச் சேதமுற்றது. கிளைடின் வருமானம் மட்டும் போதாது என்று தெரிந்ததும், 1978 முதல் தென்கரைக்கும் தேம்சுக்கும் போகத் தொடங்கியது. பின்னர் பிரிஸ்டல் கால்வாய், மேற்குத் தீவுகள் என வேலை தேடிப் போகும் இடங்கள் விரிந்தன. அறுவடை முடிந்த ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் கரும்பு வெட்டும் குழுவைப்போல, கோடையின் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு கரையில் கழித்து அந்தக் கப்பல் தன் கொதிகலனுக்கு எண்ணெய் சம்பாதிக்கிறது. 2000-க்கும் 2003-க்கும் இடையே இரண்டு கட்டமாக, லாட்டரி நிதியின் உதவியோடு கிரேட் யார்மவுத்தில் கப்பல் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டது. 2019-இல் கொதிகலன்கள் தளர்ந்து ஒரு பருவம் முழுதும் நின்றது. கேள்வியில் உள்ள 23 லட்சம் பவுண்டு அப்போது கேட்டது. பணம் கொடுத்தவர்களில் பலர் சிறு வயதில் அதில் போனவர்கள், அல்லது தம் பிள்ளைகளை அழைத்துப் போனவர்கள். 2020 ஆகஸ்டில், நோய்த்தொற்றுக் காலத்தின் நடுவே, மீண்டும் ஓடியது.

கட்டி வைத்திருந்தால் அந்த 23 லட்சத்தை யார் கொடுத்திருப்பார்கள் என்று கேள்வி கேட்டவரிடம் நான் கேட்க விரும்புகிறேன். இதை வாதத்தில் வெல்வதற்காகக் கேட்கவில்லை. காலிடோனியாவுக்கும் ரைடுக்கும் கொடுக்க யாரும் வரவில்லை என்பதால் கேட்கிறேன்.

3 மார்ச் 2023

ஒருவர் சுட்டிக்காட்டுகிறார்: ஓட்டுவதிலும் இழப்பு இருக்கிறதே, பாறையில் மோதினால் ஒரே நாளில் எல்லாம் போகுமே என்று. ஒப்புக்கொள்கிறேன். கேன்டாக்ஸில் அது நடந்திருக்கலாம். இந்த அச்சம் எனக்கும் உண்டு, காற்று அடித்த அந்த நாளில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இதைத்தான் நினைத்தேன். ஓட்டினால் இழக்க நேரலாம், நிறுத்தினால் மெல்ல மெல்ல இழப்போம் என்று இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நான் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறேன். இதில் வேறு கருத்து உள்ளவர்களோடு எனக்குப் பகை இல்லை.

9 மார்ச் 2023

கேள்வி கேட்டவர் இந்தக் கோடையில் கிளாஸ்கோ போகிறாராம். எங்கே நிற்பது நல்லது என்று கேட்டிருக்கிறார்.

புறப்படும்போது மேல்தளத்தில் முன்பக்கம் நில்லுங்கள், ஆற்றில் வேகக் கட்டுப்பாடு இருப்பதால் நிதானமாகப் பார்க்கலாம். வலது கரையில் அருங்காட்சியகமும் கிளென்லீயும் வரும். டம்பார்ட்டன் பாறையைத் தாண்டி ஆறு அகன்றதும் சக்கரங்கள் வேகமெடுக்கும், அந்த மாற்றம் காலில் தெரியும். கிரீனாக் நெருங்கும்போது கீழே இறங்கி என்ஜினுக்கு இரு பக்கமும் உள்ள நடைவழியில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, தடுப்பும் இடுப்பளவுதான். சூடான எண்ணெய் வாடை அடிக்கும். சக்கரப் பெட்டியில் உள்ள வட்டக் கண்ணாடி வழியாகப் பலகைகள் நீரில் நுழைவதைப் பார்க்கலாம். முதல் மணி அடித்ததும் எஞ்சினீயரின் இடது கையைக் கவனியுங்கள். நான் 2022-இல் போனபோது, 2014-இல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரைப்போன்ற சாயலுள்ள ஒருவர் நெம்புகோலைப் பிடித்திருந்தார். அவர்தானா என்று எனக்கு உறுதியில்லை. நீங்கள் போனால் கேட்டு எழுதுங்கள்.